நியாயப் பேச்சு இலக்கணம்

பாயிரம்

காவல் நிலையம், கைது, ஜாமீன், உரிமை ஆகியவை பற்றிப் பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் அன்றாடம் வழங்கும் பேச்சை வகுத்தும் தொகுத்தும் இலக்கணம் செய்தார் இதுநாள்வரை எவரும் இலர். சின்ன வெங்காயத்துக்கு விலை நிலவரம் உண்டு. சுண்ணாம்புக்கல்லுக்குச் சுரங்க அறிக்கை உண்டு. சாத்தனூரில் கல்லாய்ப்போன மரத்துக்குக்கூட வேலி உண்டு. நாள் முழுக்க உயிரோடு நடமாடும் பேச்சுக்கு மட்டும் ஒன்றும் இல்லை. அக்குறை தீர்க்கவே இச்சிறுநூல் எழுந்தது என்க. அவையடக்கம் சொல்லும் வழக்கம் இவ்வட்டார மேடைகளில் ஒழிந்து நெடுநாளானபடியால் இங்கும் விடப்பட்டது.

பேசுவோரைக் கொண்டு பேச்சைப் பிரிப்பதே பலர் கொள்கை: கட்சிக்காரர் பேச்சு, வக்கீல் பேச்சு, வாத்தியார் பேச்சு என. அது பொருந்தாது. என்னை எனின், ஒரே ஆள் இடத்துக்கு இடம் வேறாகப் பேசுகிறார். பெரம்பலூர் பாலக்கரை டீக்கடையில் "அரெஸ்ட் பண்ணா காரணத்த எழுதிக் குடுக்கணும்யா, சுப்ரீம் கோர்ட்டே சொல்லியாச்சு" என்று பெஞ்சைத் தட்டுகிறவர், அன்று சாயங்காலமே மச்சானின் பைக்கை மீட்க நிலையத்துக்குப் போனால் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுப் படியேறுகிறார். கழற்றும்படி யாரும் சொல்வதில்லை. ஆகவே ஆளைப் பார்த்துப் பயனில்லை. தூரத்தைத்தான் பார்க்க வேண்டும். தூரம் எதிலிருந்து எனில், நிலைய வாசலில் துப்பாக்கியோடு நிற்கும் பாராவிலிருந்து. விதி ஒன்றே: பாராவிலிருந்து விலக விலக உரிமை மிகும், நெருங்க நெருங்க ‘ஐயா’ மிகும்.

எல்லை கூறல்

எந்த நூலும் தன் எல்லையைச் சொல்லித்தான் தொடங்க வேண்டும். இங்கே அதுவே இடறுகிறது. செந்துறைக்காரர் ஒருவர் 1994-இல் வேலித்தகராறுக்கு ஒரு மனு கொடுத்தார் என்று வையுங்கள். அப்போது அவர் திருச்சி மாவட்டம். 1995 நவம்பர் 1 முதல் பெரம்பலூர் மாவட்டம். 2001 ஜனவரி 1-இல் அரியலூர் தனியானது. 2002 மார்ச் கடைசியில் மறுபடி பெரம்பலூரோடு சேர்ந்தது. 2007 நவம்பர் 23-இல் திரும்பவும் அரியலூர். ஊரைவிட்டு ஓரடி நகராமல் நான்கு தடவை மாவட்டம் மாறியவர் அவர். அந்த மனு இப்போது எந்த ஊர் அலமாரியில் இருக்கும் என்பது தனி ஆராய்ச்சி. அதற்கு வேறு புலவர் வேண்டும்.

எல்லைக்குக் காவல்துறை வழக்கில் ‘லிமிட்’ என்று பெயர். "இது எங்க லிமிட் இல்ல" என்பது இம்மண்ணில் மிகத் தொன்மையான வாக்கியங்களுள் ஒன்று. அதன் முழுப் பயனும் நூலின் கடைசியில் வரும்.

கடைப்பேச்சு

பாராவுக்கு மிகத் தொலைவில் நடப்பது இது. டீக்கடை, சலூன், புது பஸ் ஸ்டாண்டு பெட்டிக்கடை, அரியலூரில் சிமென்ட் லாரிகள் வரிசை கட்டும் ரோட்டோரம் ஆகியவை இதற்கு நிலம். காலை நாளிதழ் வந்ததும் தொடங்கும். மழை பெய்தால் நீளும்.

கடைப்பேச்சில் தலையாயது மாவுக்கட்டு மரபு. பிடிபட்டவர் நிலையக் கழிவறையில் வழுக்கி விழுந்து கை முறிந்தது, கட்டுப் போடப்பட்டது என்று செய்தி வந்தால் இம்மரபினர் மகிழ்வர். "அப்படித்தான் வழுக்கணும்" என்பது இவர்கள் நூற்பா. எல்லாக் கழிவறையிலும் பிடிபட்டவர் மட்டுமே வழுக்குகிறாரே, போலீஸ்காரர் எவரும் வழுக்குவதில்லையே என்று 2025-இல் சென்னை உயர் நீதிமன்றமே கேட்டது. இம்மரபினர் அந்தக் கேள்வியையும் அதே பத்திரிகையில் படித்தார்கள், சிரித்தார்கள், அடுத்த நாள் மாவுக்கட்டுக்கும் சிரித்தார்கள். இவர்களைக் கொடியவர் என்று தள்ளிவிட முடியாது. வீட்டில் திருடு போய், இரண்டு வருஷம் அலைந்து, ஒரு மோதிரம்கூடத் திரும்பாதவர் பலர் இக்கூட்டத்தில் உண்டு. வழக்கு நடந்து தீர்ப்பு வரும் என்ற நம்பிக்கை போன இடத்தில் கழிவறை வந்து உட்கார்ந்துகொண்டது என்பதே இந்நூலாசிரியர் துணிபு. ஆனால் இதே மரபினர் தம் தெருப் பையன் ஒருவன் கட்டோடு வரும்போது ஒரே இரவில் மனித உரிமை மரபுக்கு மாறிவிடுவர். இலக்கணத்தில் இதற்குத் திரிதல் விகாரம் என்று பெயர்.

அடுத்தது எண் மரபு. சட்டப் புத்தகத்தைத் தொடாமலே முப்பது நாற்பது வருஷம் சட்டம் பேசிவந்தோர் இவர்கள். 302 என்றால் கொலை, 420 என்றால் ஏமாற்று, 107 என்றால் ஜாமீன் எழுதிக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டிரு, 144 என்றால் திருவிழா கிடையாது. 2024 ஜூலை 1 அன்று பாரதிய நியாய சன்ஹிதாவும் அதன் உடன்பிறப்புகள் இருவரும் அமலுக்கு வந்தபோது இவர்களது மூலதனம் ஒரே நாளில் செல்லாக்காசானது. கொலை இப்போது 103. ஏமாற்று 318. அமைதி காக்கும் ஜாமீன் 126. தடை உத்தரவு 163. கடையில் யாரும் இதை ஏற்கவில்லை. "அவன் சரியான முந்நூத்திப் பதினெட்டு" என்று திட்டினால் திட்டு வாங்கினவருக்கே புரியாது.

மூன்றாவதான சினிமா மரபினர் எல்லா வழக்கையும் படத்தில் பார்த்துத் தீர்ப்பு எழுதி முடித்தவர்கள். இவர்களைப் பற்றி இவ்வளவே போதும்.

மேடைப்பேச்சு

அரியலூர் அண்ணா சிலை அருகில் கண்டன ஆர்ப்பாட்டம், பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் பொதுக்கூட்டம் என இது நிகழும். 1861-ஆம் ஆண்டுக் காவல் சட்டம் பிரிவு 30(2) அமலில் இருக்கும்போது இதற்கு முன் அனுமதி வேண்டும். ஆகவே காவல்துறையைக் கண்டித்துப் பேசக் காவல்துறைக்கு மனு எழுத வேண்டும். இடம், நேரம், பேசுவோர் பெயர், ஒலிபெருக்கி எத்தனை என எல்லாம் சொல்ல வேண்டும். மனுவின் முதல் சொல் ‘ஐயா’. கூட்டத்தின் முதல் முழக்கம் ‘கண்டிக்கிறோம்’. இரண்டுக்கும் நடுவே ஐந்தாறு நாள்தான்.

மேடைப்பேச்சின் உண்மையான அவையோன் ஒருவரே. நாற்காலிகளின் கடைசி வரிசையில், மஃப்டியில், மடித்த நோட்டோடு நிற்கும் உளவுப்பிரிவு ஏட்டு. தலைவர் வரத் தாமதமானாலும் போகாதவர் அவர். பதினோராம் பேச்சாளர் பேசியதையும் கேட்டு எழுதிக்கொள்பவர் அவர். பேச்சாளர் சிலர் இதை அறிந்து, நடுவில் நிறுத்தி "எழுதிக்கங்க சார்" என்று அவருக்காகவே ஒரு வரியைத் திரும்பச் சொல்வதுண்டு. வேறெந்த இலக்கிய வகைக்கும் இவ்வளவு கருத்தூன்றிய வாசகர் கிடைத்ததில்லை.

மேடைக்கு இவ்வட்டாரத்தில் பொருள் பஞ்சமில்லை. பொன்பரப்பி ஓர் ஊரே போதும். 1987 செப்டம்பர் 1 அன்று அங்கே வங்கியில் கொள்ளையடிக்க வந்த தமிழ்நாடு விடுதலைப்படைத் தலைவர் தமிழரசனும் உடன் வந்தவர்களும் அடித்துக் கொல்லப்பட்டார்கள். அடித்தது பொதுமக்கள் என்பது ஒரு பாடம். பொதுமக்களுக்குள் மஃப்டியில் இருந்தோரும் உண்டு என்பது மற்றொரு பாடம். இவ்விரு பாடமும் நாற்பது வருஷமாக மேடைக்கு மேடை ஓதப்படுகின்றன. கொள்ளையர் என்று கூவினால் கூட்டம் தீர்ப்பையும் தண்டனையையும் ஒருசேர முடித்துவிடலாமா என்ற மூன்றாவது கேள்வியைத்தான் மேடை கேட்பதில்லை. அது கேட்பவர்களையும் சேர்த்துக் கேட்கிற கேள்வி. அதே ஊரில் 2019 ஏப்ரல் 18, வாக்குப்பதிவு நாளில் தலித் மக்களின் வீடுகள் தாக்கப்பட்டன. உண்மை அறியும் குழுக்கள் புறப்பட்டன. உண்மை அறியும் குழுவின் இலக்கணம் சுருக்கமானது: உண்மையை அறிந்துகொண்டே கிளம்புவது.

மேடையின் இறுதிக் கோரிக்கை ‘பணிநீக்கம்’. அதற்கு அரசின் வழமையான மறுமொழி ‘ஆயுதப்படைக்கு மாற்றம்’. இவ்விடத்தில் ஒரு வரலாற்றுக் குறிப்பு. 1956 நவம்பர் 23 அன்று அரியலூருக்கு அருகே மருதையாற்றுப் பாலம் வெள்ளத்தில் போய் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்தது. ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். அவர் பாலத்தைத் தொட்டவரும் அல்லர், ரயிலை ஓட்டியவரும் அல்லர். பொறுப்பேற்பது எப்படி என்று இந்தியாவுக்கே பாடம் நடத்திய ஊர் அரியலூர். அந்தப் பாடம் ரயில்வேக்கு மட்டும்தான் என்று பிற துறைகள் எடுத்துக்கொண்டன போலும்.

பந்தல் பேச்சும் கோட்டுப் பேச்சும்

பந்தல் பேச்சு என்பது சட்ட விழிப்புணர்வு முகாம். நீதிபதி வருவார். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் பேனர் இருக்கும். கேட்போர், நூறு நாள் வேலைக்கு வந்து கையெழுத்து வைத்த கையோடு உட்கார வைக்கப்பட்ட பெண்கள். இலவசமாக வக்கீல் கிடைக்கும், 15100 என்ற எண்ணுக்குப் போன் போடலாம் என்று சொல்லப்படும். இரண்டும் மெய். உபயோகமான பேச்சு என்று பார்த்தால் எல்லா வகையிலும் இதுவே உபயோகமானது. அதனாலேயே இதில் நகைச்சுவை குறைவு. டீயும் வடையும் வரும்வரை நீளும்.

கோட்டுப் பேச்சு நீதிமன்ற வளாக வேப்பமரத்தடியில் நடப்பது. 2024-இல் புதிய சட்டங்களை எதிர்த்து வக்கீல்கள் தமிழகமெங்கும் கோர்ட்டைப் புறக்கணித்தபோது இது உச்சம் தொட்டது. பெயரெல்லாம் இந்தியில், போலீஸ் காவலை அறுபது நாள் வரை பிரித்துப் பிரித்துக் கேட்கலாம், இது என்ன நியாயம் என்றார்கள். கேட்டது சரிதான். பதினைந்து நாள் காவல் என்பதை முன்பெல்லாம் முதல் பதினைந்து நாளுக்குள்ளேயே முடிக்க வேண்டும். இப்போது குற்றத்துக்குத் தக்கபடி நாற்பது அறுபது நாளுக்குள் துண்டு துண்டாக எடுத்துக்கொள்ளலாம். சிறையில் இருப்பவன் என்றைக்குக் கூப்பிடுவார்களோ என்று காத்திருப்பதே ஒரு தண்டனை. மாநில அரசும் திருத்தங்கள் பரிந்துரைக்க நீதிபதி சத்தியநாராயணன் தலைமையில் ஒருநபர் குழு அமைத்தது. ஆனால் புறக்கணிப்பு நாளில் வாய்தாவுக்கு வேப்பந்தட்டையிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தவர், "இன்னிக்கு எதுவும் நடக்காது, போயிட்டு வாங்க" என்று கேட்டுவிட்டுத் திரும்பினார். அவருடைய உரிமைக்காகத்தான் போராட்டம் என்று அவரிடம் சொல்ல அன்று யாருக்கும் நேரமில்லை.

குண்டர் சட்டம் பற்றி மட்டும் மேற்சொன்ன எவரும் பேசுவதில்லை. 1982-ஆம் ஆண்டு 14-ஆம் எண் சட்டம். ஒரு வருஷம் வரை விசாரணையின்றி வைத்திருக்கலாம். "எஸ்.பி. பரிந்துரையின்பேரில் ஆட்சியர் உத்தரவிட்டார், அதன் நகல் திருச்சி மத்திய சிறையில் உள்ளவரிடம் வழங்கப்பட்டது" என்று நான்கு வரியில் செய்தி வரும். ஆள் ஏற்கெனவே உள்ளே இருக்கிறார். வெளியே வந்துவிடக் கூடாது என்பதற்கு ஓர் உத்தரவு. அந்த நான்கு வரி நாளிதழில் ராசிபலனுக்குப் பக்கத்தில் இருக்கும். ராசிபலனைப் பற்றிப் பேச ஆள் உண்டு.

மனுப்பேச்சு

இது எழுத்தில் நடக்கும் பேச்சு. திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள், புதன்கிழமை எஸ்.பி. அலுவலகத்தில் மனு முகாம். வாசலுக்கு எதிரே புளியமரத்தடியில் மடக்கு மேசை போட்டு மனு எழுதுவோர் இருப்பர். நாம் அறிந்த எழுத்தாளர்களில் வாசகர் வாயிலிருந்து வரும் கதையை வாசகர் எதிரிலேயே எழுதித் தருபவர்கள் இவர்கள் மட்டுமே. ஒரு பெண் வந்து குந்தி, "அவன் வேலிய புடுங்கி எறிஞ்சான், கேட்டதுக்கு எம்பையன அடிச்சான், ஸ்டேஷன்ல போயி சொன்னா அவனயும் என்னயும் ஒண்ணா உக்கார வெச்சுப் பேசி முடிச்சுக்கங்கன்றாங்க" என்பார். தாளில் அது "மேற்படி நபர் எனது அனுபவ பாத்தியதையில் அத்துமீறிப் பிரவேசித்து" என்று இறங்கும். அந்தப் பெண்ணின் கோபம் முழுக்க நடுவழியில் கழன்றுவிடும். கையெழுத்துக்குப் பதில் ரேகை வைத்த பிறகு, கட்டைவிரலில் மிஞ்சின மையை மரத்தில் தேய்த்துக்கொள்வார். அந்தப் புளியமரத்தின் அடிப்பகுதி இடுப்பளவுக்கு நீலமாக இருக்கும்.

2017 அக்டோபரில் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்தில் கந்துவட்டிக் கொடுமையால் ஒரு குடும்பமே தீக்குளித்தது. அதற்குப் பிறகு எல்லா ஊரிலும் திங்கட்கிழமை வாசலில் பை சோதனை. வயர்கூடையில் இருக்கும் தண்ணீர் பாட்டிலைப் பெண் காவலர் திறந்து மோந்து பார்த்து மூடித் தருவார். மோந்து பார்த்த பிறகுதான் குறை கேட்பார்கள்.

மனு உள்ளே போகும். எண் விழும். "தக்க நடவடிக்கைக்காக" என்று கீழே அனுப்பப்படும். கீழே என்பது எந்த நிலையத்தின் மேல் புகாரோ அதே நிலையம். போன மச்சான் திரும்பி வந்தான் பூமணத்தோடே. மூன்றாம் நாள் போன் வரும்: "ஏம்மா, மேல போயி மனு குடுத்திருக்கியாமே? எங்ககிட்ட சொன்னா நாங்க பாக்க மாட்டமா?"

மேசைப்பேச்சு

இனிப் பாராவைத் தாண்டி உள்ளே, ரைட்டர் மேசைக்கு முன். இங்கே பேசும் சொற்கள் மிகச் சில. ஆனால் எல்லாம் இங்கேதான் முடிவாகின்றன. கடையில் எத்தனை பேர் பேசினாலும், மேடையில் எத்தனை பேர் கண்டித்தாலும், சன்ஹிதா எத்தனை வந்தாலும், ஒரு புகார் முதல் தகவல் அறிக்கை ஆகுமா ஆகாதா என்பது இந்த மேசையில் ஒரு தலையாட்டலில் இருக்கிறது. வாரண்ட் இல்லாமல் கைது செய்யத்தக்க குற்றம் என்று தெரிந்தால் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதி அமர்வு 2013-இலேயே சொல்லிவிட்டது. தமிழ்நாட்டு மேசை அதற்கும் முன்பிருந்தே ஒரு நடுவழி கண்டுவைத்திருக்கிறது. அதன் பெயர் சி.எஸ்.ஆர்.

சி.எஸ்.ஆர். என்பது ஒரு ரசீது. புகார் வந்தது என்பதற்குச் சான்று. வழக்கு உண்டு என்பதற்குச் சான்று அன்று. வாங்கியவர் அதை பிளாஸ்டிக் கவரில் போட்டு ரேஷன் கார்டோடு வைத்துக்கொள்வார். எதிராளியும் அதே நாளில் ஒன்று வாங்கியிருப்பார். பிறகு இருவரையும் கூப்பிட்டுப் பேசி முடித்து வைப்பார்கள். சமரசம் கெட்டது என்று இங்கே சொல்ல வரவில்லை. வேலித் தகராறில் பாதி சமரசத்தில்தான் தீரும். ஆனால் அடித்தவனையும் அடிபட்டவனையும் ஒரே பெஞ்சில் உட்காரவைத்துப் பேசும்போது, பெஞ்சு யார் பக்கம் சாயும் என்பது சாதி, காசு, கட்சி மூன்றையும் கேட்டுத்தான் முடிவாகிறது.

உள்பேச்சு

மேசைக்கும் பின்னால் ஓர் அறை உண்டு. அங்கே நடப்பதைப் பற்றி நூல் செய்வார் கேள்வியால் அறிவதன்றிக் காட்சியால் அறிவதில்லை. சுவரில் டி.கே. பாசு வழக்கின் கட்டளைகள் தமிழில் எழுதிய பலகை இருக்கும்: கைதானவரின் உறவினருக்குத் தகவல் சொல், கைதுக் குறிப்பில் சாட்சிக் கையெழுத்து வாங்கு, மருத்துவப் பரிசோதனை செய். 1996-இல் வந்த தீர்ப்பு. மூலையில் கேமரா இருக்கும். 2020 டிசம்பரில் வந்த உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி பதிவை ஒன்றரை வருஷம் வைத்திருக்க வேண்டும். அதே வருஷம் ஜூனில், சாத்தான்குளத்தில் ஜெயராஜும் பென்னிக்ஸும் அடிபட்ட நிலையத்தில், ஒவ்வொரு நாள் பதிவும் அன்றன்றே தானாக அழியும்படி அமைத்திருந்தது என்று நீதித்துறை நடுவர் எழுதிவைத்தார்.

புறனடை

விதிப்படி, பாராவுக்கு மிக நெருங்கி நிற்பவர் மிகக் குறைவாகப் பேச வேண்டும். இந்த விதியை உடைத்த வழக்கு இந்த மண்ணின் ஓரத்திலேயே இருக்கிறது.

1993 மார்ச். அன்றைய தென்னார்க்காட்டில், வெள்ளாற்றுக்கு வடக்கே கம்மாபுரம் காவல் நிலையம். திருட்டு வழக்கில் குறவர் சமூகத்தைச் சேர்ந்த ராஜாக்கண்ணு என்ற கூலித்தொழிலாளியைப் பிடித்துக்கொண்டு போனார்கள். பிறகு அவர் தப்பி ஓடிவிட்டார் என்றார்கள். ஆற்றுக்குத் தெற்கே மீன்சுருட்டி நிலைய எல்லையில் அடையாளம் தெரியாத ஆண் உடல் ஒன்று கிடந்தது. மீன்சுருட்டி இன்று அரியலூர் மாவட்டம். அன்று திருச்சி மாவட்டம். கம்மாபுரத்துக்கு அவர் ஓடிப்போன கைதி. மீன்சுருட்டிக்கு அவர் பெயரில்லாத பிணம். இரண்டு நிலையமும் தத்தம் லிமிட்டுக்குள் சரியாகவே எழுதிக்கொண்டன. முன்னே சொன்ன ‘லிமிட்’ என்னும் வாக்கியத்தின் முழுப் பயன் இதுவே.

அவர் மனைவி கணவனைத் தேடினார். நிலையத்துக்குள் நடந்ததைக் கண்ணால் கண்டவர் அவர். விதிப்படி ‘ஐயா’ தவிர வேறு பேசக் கூடாதவர். அவர் பேசினார். உள்ளூர் மார்க்சிஸ்ட் கட்சிக்காரர்கள் துணை நின்றார்கள். ஆட்கொணர்வு மனு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. வாதாடியவர் வழக்கறிஞர் கே. சந்துரு. அந்த மனுவுக்குப் பிறகுதான் ஆற்றின் இரு கரைக் காகிதங்களும் ஒரே மேசைக்கு வந்தன. 2006-இல் உயர் நீதிமன்றம் காவலர்களைக் குற்றவாளிகள் என்று தண்டித்தது. பதின்மூன்று வருஷம். 2021-இல் இவ்வழக்கைத் தழுவிய ‘ஜெய் பீம்’ படம் வந்தபோது கடைப்பேச்சின் சினிமா மரபினர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அடுத்த வாரம் மாவுக்கட்டுச் செய்திக்கு வழக்கம்போல் சிரித்தார்கள்.

இப்பெண்ணின் பேச்சை மேற்கூறிய எவ்வகையில் அடக்குவது? மனுவா, மேசையா, கோட்டா? ஒன்றிலும் அடங்காது, அதனால்தான் புறனடை வேண்டியதாயிற்று.

லிமிட் சிக்கலுக்குப் புதுச் சட்டம் மருந்து சொல்கிறது. நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா பிரிவு 173-இன்படி, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்த நிலையமும் புகாரைப் பதிய வேண்டும். மின்னஞ்சலில்கூட அனுப்பலாம், மூன்று நாளுக்குள் நேரில் வந்து கையெழுத்துப் போட்டால் போதும். இதைக் கடையில் விளக்கினால் எல்லோரும் தலையாட்டுவர். சரிபார்க்க விரும்புவோர் பிரிவு எண்ணைத் தாளில் எழுதிக்கொண்டு டிசம்பர் 10 அன்று ஏதேனும் ஒரு நிலையத்துக்குப் போகலாம். பாரா படித்துப் பார்ப்பார். மரியாதையாகவே சொல்வார்: "எஸ்.ஐ. இல்லீங்களே. இன்னிக்கு மனித உரிமை நாள், உறுதிமொழி எடுக்க எஸ்.பி. ஆபீஸ் போயிருக்காரு. சாயங்காலம் வாங்க."